காலைக் கட்டிப் போட்டால்தான் சைக்கிள் ஓடுமா?

மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்

போன வருஷம் ஆடி மாசத்தில் நான் நாற்பது நாள் இடது கையில் மாவுக்கட்டோடு வகுப்புக்கு வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். "என்னலே, பஸ்ஸுல இருந்து விழுந்துட்டியா?" என்று கேட்டவர்களிடமெல்லாம் "ஆமா" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். இன்று மலரில் எழுதச் சொல்லிவிட்டார்கள், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் விழுந்தது சைக்கிளிலிருந்து. அதுவும் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தபோது அல்ல, நின்ற பிறகு!

திருவேங்கடம் பஸ் ஸ்டாண்டுக்குச் சற்று முன்னால், காலை ஏழே கால் மணி. குறுக்கே ஒரு ஆட்டு மந்தை. பிரேக் பிடித்தேன், சைக்கிள் சமர்த்தாக நின்றது. காலை ஊன்றப் போனேன். கால் வரவில்லை! ஷூவின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கட்டை பெடலில் 'டக்'கென்று பூட்டிக்கொண்டு கிடக்கிறது. குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்பினால் கழன்றுவிடும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு விநாடியில் கால், பழைய பழக்கத்தில், நேரே மேலே தூக்கப் பார்த்தது. வெட்டின வாழை மாதிரி இடது பக்கம் சாய்ந்தேன். கையை ஊன்றினேன். அவ்வளவுதான்.

டீக்கடையிலிருந்து ஓடிவந்து தூக்கிய அண்ணாச்சி கேட்ட முதல் கேள்வி: "ஏ தம்பி, நின்னாச்சுல்லா... காலைக் கீழ ஊணவேண்டியதுதானே?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. நீட்டிய கையில் விழுகிறவர்களுக்கு அடிக்கடி விரிசல் விடுவது அந்த எலும்புதான். அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, அதனால் மெதுவாகத்தான் கூடும் என்று டாக்டர் சொன்னார். லேத் பிராக்டிகல் அந்த இடைவெளியில் வந்துவிட்டது. ஒரு கையால் டெயில் ஸ்டாக்கையா திருக முடியும்? அரியர் விழுந்தது. அதைவிடப் பெரிய சங்கதி, அம்மா சைக்கிளைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் தெருவிலிருந்து காலேஜ் பஸ் பிடிக்கிற இடத்துக்கும், சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து கடைசி டவுன் பஸ் போன பிறகு சங்கரன்கோவிலிலிருந்து வீடு திரும்பவும் எனக்கு இருந்தது அந்த ஒரு சைக்கிள்தான். தீப்பெட்டி ஆபீசில் இரண்டு கோடை விடுமுறை வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில், சிவகாசியில் ஒருவரிடம் பழசாக வாங்கிய ரோடு பைக். வளைந்த ஹேண்டில் பார், மெல்லிய டயர், கியர் எல்லாம் உண்டு. அதோடு இலவசமாக வந்து சேர்ந்தவைதான் அந்தப் பூட்டுப் பெடலும், எனக்கு அரை சைஸ் பெரிதான அந்த ஷூவும்.

பெயரே ஒரு வேடிக்கை

இந்தப் பெடலுக்கு 'கிளிப்லெஸ்' என்று பெயர். அதாவது கிளிப் இல்லாதது. காலைக் கவ்விப் பிடிப்பதற்கென்றே செய்த சாமானுக்கு ஏன் கிளிப் இல்லாதது என்று பெயர் வந்தது? அதற்குக் கொஞ்சம் சரித்திரம் தெரியவேண்டும்.

முன்பு ரேஸ் ஓட்டுகிறவர்கள் பெடலின் முன்பக்கம் ஒரு கம்பிக் கூண்டு மாட்டி, அதற்குள் ஷூவின் மூக்கை நுழைத்து, தோல் வாரால் இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள். அந்தக் கூண்டுக்குத்தான் 'டோ கிளிப்' என்று பெயர். நிறுத்துவதற்கு முன்னால் குனிந்து வாரைத் தளர்த்தவேண்டும். 1971-ல் இத்தாலியின் சினெல்லி கம்பெனி கூண்டு இல்லாத பூட்டுப் பெடல் ஒன்றைக் கொண்டுவந்தது. அதிலும் காலை எடுக்கக் கையால் ஒரு நெம்பைத் தட்டவேண்டும். 'மரணப் பெடல்' என்றே அதற்குப் பட்டப்பெயர் விழுந்தது. பிறகு 1984-ல் பிரான்சின் லுக் கம்பெனி, பனிச்சறுக்குக் கட்டைகளில் காலைப் பூட்டும் தங்கள் நுட்பத்தையே பெடலுக்கும் கொண்டுவந்தது. மிதித்தால் பூட்டும், குதிகாலைத் திருப்பினால் திறக்கும், கைக்கு வேலையில்லை. மறு வருஷமே, 1985-ல், பெர்னார்ட் ஹினோ அந்தப் பெடலோடு டூர் தி பிரான்ஸ் பந்தயத்தை ஜெயித்தார். அவ்வளவுதான், உலகம் முழுக்கப் பற்றிக்கொண்டது. டோ கிளிப் போய்விட்டதல்லவா? அதனால் கிளிப்லெஸ். 1990-ல் ஜப்பானின் ஷிமானோ, நடக்கவும் வசதியான சின்ன இரும்புக் கட்டை வைத்த மாடலைக் கொண்டுவந்தது. மலைச் சைக்கிள்காரர்களும் அந்த வழிக்குப் போனார்கள்.

ஆக, நாற்பது வருஷமாக ரோடு பைக் என்றால் பூட்டுப் பெடல் என்று ஆகிவிட்டது. சாதாரணத் தட்டைப் பெடல் போட்ட ரோடு பைக்கைப் பார்த்தால், கோட் சூட்டுக்கு ஹவாய் செருப்பு போட்டவனைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார்கள்.

நம் ஊர்க்கதையே வேறு. நாமெல்லாம் அப்பாவின் சைக்கிளில், சீட்டுக்கு எட்டாத வயசில், பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்கள். (2024-ல் அந்தப் பெயரிலேயே ஒரு படம் வந்தது.) ரப்பர் கட்டை தேய்ந்து, கழன்று, வெறும் தண்டு மட்டும் மிச்சமாக, அதையும் வெறுங்காலால் மிதித்து ரேஷன் அரிசி மூட்டை கொண்டுவந்தவர்கள் நம் பெரியப்பாக்கள். 1990-களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். சேலையும் செருப்புமாக, குடத்தையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு ஓட்டினார்கள். யார் காலையும் யாரும் கட்டவில்லை. தட்டைப் பெடல் என்ற பெயரே அப்போது கிடையாது. பெடல் என்றாலே அதுதான்.

அதற்காக, பழசெல்லாம் நல்லது, புதுசெல்லாம் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. நாம் டிப்ளமோ படிப்பவர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அப்ளைடு மெக்கானிக்ஸ் நோட்டை எடுங்கள்

பூட்டுப் பெடல்காரர்கள் சொல்லும் முதல் வாதம்: "தட்டைப் பெடலில் கீழே அழுத்த மட்டும்தான் முடியும். பூட்டினால் மேலே இழுக்கவும் முடியும். ஆகவே சக்தி இரட்டிப்பு." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நானும் நம்பினேன்.

கிராங்கின் நீளம் 170 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம், பெரும்பாலான ரோடு பைக்கில் ஏறக்குறைய அதுதான். நிதானமாகச் சமதளத்தில் போகும்போது 100 வாட் பவர், நிமிஷத்துக்கு 80 சுற்று. பவர் என்பது டார்க்கும் கோண வேகமும் பெருக்கியது. 80 சுற்று என்றால் விநாடிக்குச் சுமார் 8.4 ரேடியன். 100-ஐ 8.4-ஆல் வகுத்தால் டார்க் சுமார் 12 நியூட்டன் மீட்டர். அதை 0.17-ஆல் வகுத்தால் பெடலில் விழவேண்டிய சராசரி விசை சுமார் 70 நியூட்டன். நம் பாஷையில் ஏழு கிலோ!

இது சராசரிதான். கிராங்க் படுக்கையாக, அதாவது கடிகாரத்தில் மூன்று மணி காட்டும் நிலையில் இருக்கும்போது விசை இதைவிட நன்றாகவே கூடும். பன்னிரண்டிலும் ஆறிலும் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. உச்சத்தில் இரண்டு பங்கு என்று வைத்தாலும் பதினான்கு கிலோ. அறுபது கிலோ ஆள் ஒருவர் பெடல்மேல் எழுந்து நின்றாலே 588 நியூட்டன் கிடைக்கிறது. அப்படியிருக்க, அந்த ஏழு கிலோவுக்காகக் காலைப் பூட்டி மேலே இழுக்கவேண்டிய அவசியம் எங்கிருந்து வந்தது?

இன்னொன்றையும் பாருங்கள். ஒரு காலின் எடை மட்டுமே உடம்பின் எடையில் ஆறில் ஒரு பங்கு தேறும். அறுபது கிலோ ஆளுக்குப் பத்துக் கிலோ. மேலே ஏறுகிற கால் பெடல்மேல் சும்மா கிடந்தால் அந்தப் பத்துக் கிலோவை இறங்குகிற கால்தான் தூக்குகிறது. "அய்யோ நஷ்டம்!" என்று தோன்றும். ஆனால் இறங்குகிற காலுக்கும் அதே பத்துக் கிலோ எடை உண்டே! கிணற்று ராட்டினத்தில் இரண்டு பக்கமும் வாளி கட்டின கதைதான். ஒன்று ஏற ஒன்று இறங்க, எடை எடைக்குச் சரியாகப் போய்விடுகிறது. மேலே வரும் காலை நாமே தசையால் தூக்கினால் வேலை மிச்சமாவதில்லை. தொடையின் முன்புறமும் பிட்டமும் செய்ய வேண்டியதை, இடுப்பை மடக்கும் சின்னத் தசைகள் தலையில் கட்டுகிறோம். மில்லில் பத்துக் குதிரைச்சக்தி மோட்டார் சும்மா இருக்க, ஒரு குதிரைச்சக்தி மோட்டாருக்கு லோடு கொடுத்த மாதிரி.

இது என் கற்பனைக் கணக்கு மட்டுமல்ல. 2007-ல் கோர்ஃப் என்பவரும் அவருடன் இருந்தவர்களும், பழகிய சைக்கிள்காரர்களை நாலு விதமாக மிதிக்கச் சொல்லி, உறிஞ்சும் ஆக்சிஜனை அளந்து பார்த்தார்கள். வேண்டுமென்றே மேலே இழுத்து மிதித்தபோது பெடலில் விழும் விசையின் திசை என்னவோ அழகாகத்தான் இருந்தது. ஆனால் உடம்பு செலவழித்த சக்திக்குக் கிடைத்த வேலை குறைந்துவிட்டது! மறு வருஷம் மோர்னியூ குழுவினர் செய்த சோதனையிலும் இதே சங்கதிதான் தெரிந்தது. அதற்கு முன்பே, 1991-ல் கோயில் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் தேர்ந்த பந்தய வீரர்களை அளந்திருக்கிறார். (பெயர் அப்படி, நம்ம கோயில் இல்லை!) முதல் வரிசை வீரர்கள் அடுத்த வரிசைக்காரர்களைவிடக் கீழ்நோக்கி அதிகமாக அழுத்துகிறார்கள், அதுதான் வித்தியாசம், மேலே இழுப்பதில் இல்லை என்று அவர் கண்டார்.

நமக்கு நேரடியாகப் பொருந்துவது 2016-ல் வந்த ஆராய்ச்சி. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ரா, கிராம் என்ற இருவர் செய்தது. ஓட்டப் பயிற்சிக்குப் போடும் சாதாரண மெத்தென்ற ஷூவோடு தட்டைப் பெடல். அதே ஷூவோடு டோ கிளிப். கடினமான அடி வைத்த சைக்கிள் ஷூவோடு பூட்டுப் பெடல். இந்த மூன்றையும் 50, 100, 150 வாட்டில் ஓட்டவைத்துச் சக்திச் செலவை அளந்தார்கள். சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை! நல்ல தார் ரோட்டில், காற்று இல்லாத நாளில், ரோடு பைக்கில் மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் போவதற்கு 100 வாட் பக்கம்தான் வேண்டும். நம்மில் காலேஜுக்கும் கழுகுமலைக்கும் ஓட்டுகிற யாரும் 150-ஐத் தாண்டி ஒரு மணி நேரம் நிற்கப்போவதில்லை.

அப்படியானால் பூட்டுப் பெடல் வெறும் பகட்டா?

இல்லை. நியாயமாகப் பேசவேண்டும்.

கடைசி இருநூறு மீட்டரில் எழுந்து நின்று வெறியோடு ஓட்டும்போது, அந்தச் சில விநாடிகளுக்கு மேலே இழுப்பதும் உதவும். உச்ச பவர் கூடும். நிமிஷத்துக்கு நூற்றுப் பத்து சுற்றுக்கு மேல் சுழற்றும்போது தட்டைப் பெடலில் கால் துள்ளும், பூட்டியிருந்தால் துள்ளாது. பத்துப் பேர் சக்கரத்தோடு சக்கரமாக ஓட்டும் பந்தயத்தில் கால் வழுக்கினால் எல்லோரும் விழுவார்கள். அதனால் ரேஸ்காரர்கள் பூட்டிக்கொள்வது சரிதான். ஜப்பானில் கெய்ரின் பந்தயத்தில் இன்றைக்கும் பழைய டோ கிளிப்பையும் வாரையுமே பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் கரடுமுரடான மலைப்பாதையில், கால் துள்ளுவதற்கு நம் கரிசல் காட்டு வண்டிப்பாதையைவிடப் பத்து மடங்கு வாய்ப்புள்ள இடத்தில், ஆஸ்திரேலியாவின் சாம் ஹில் தட்டைப் பெடலோடு 2006, 2007, 2010 ஆண்டுகளில் டவுன்ஹில் உலகப் பட்டம் வென்றார். பிறகு எண்டியூரோ பந்தயத் தொடரை 2017 தொடங்கி மூன்று வருஷம் வரிசையாக ஜெயித்தார். பெடலைவிடக் காலுக்குப் பழக்கம் முக்கியம் என்பது இதில் தெரிகிறது.

பூட்டுப் பெடலில் இன்னொரு சிக்கல் முட்டி. கட்டையை ஷூவில் எந்தக் கோணத்தில் திருகி வைக்கிறோமோ அந்தக் கோணத்தில்தான் பாதம் நிற்கும். ஷிமானோவின் ரோடு கட்டைகளில் மஞ்சள் நிறம் ஆறு டிகிரி அசைய விடும், நீலம் இரண்டு டிகிரி, சிவப்பு அசையவே விடாது. எனக்கு வந்தது சிவப்பு! பழைய சொந்தக்காரரின் பாதம் எந்தப் பக்கம் திரும்பியிருந்ததோ அந்தப் பக்கம் என் பாதமும் ஆயிரக்கணக்கான சுற்று திரும்பி நின்றது. விழுவதற்கு ஒரு மாசம் முன்பே வலது முட்டியின் உள்பக்கம் வலி. உடற்பயிற்சிக் குறைவு என்று நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாக ஓட்டினேன்! கட்டையை மாற்றியிருக்கலாம், பூட்டின் ஸ்பிரிங்கைச் சின்ன ஆலன் சாவியால் தளர்த்தியிருக்கலாம். தெரியாது. சொல்லித்தரவும் ஆள் இல்லை. பூட்டுப் பெடலே போடுவேன் என்கிறவர்கள் இந்த இரண்டையும் முதல் நாளே செய்துவிடுங்கள். அப்புறம் ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு நூறு தடவை பூட்டித் திறந்து பழகிவிட்டு ரோட்டுக்கு வாருங்கள்.

நம் ரோட்டில் எத்தனை தடவை காலை ஊன்றவேண்டியிருக்கிறது என்று ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். திருவேங்கடத்திலிருந்து சங்கரன்கோவில் வரை போய்ச் சேர்வதற்குள் பதினேழு! ஆடு, வேகத்தடை, எதிரே முந்திவரும் மினி பஸ், ரோட்டிலேயே உலர்த்திய சோளம், "தம்பி, எந்த ஊரு? யாரு மகன்?" என்று நிறுத்தி விசாரிக்கும் பெரியவர். பிரான்சில் ரேஸ் நாளில் ரோட்டை மூடிவிடுகிறார்கள். இங்கே யார் மூடுவார்?

சரி, எந்தத் தட்டைப் பெடல்?

மாவுக்கட்டுப் பிரித்த அன்று அம்மாவிடம் ஒரு ஒப்பந்தம் போட்டேன். பெடலை மாற்றிக் காட்டுகிறேன், பிறகு ஓட்டுகிறேன். "கால் கீழ வருமா?" என்று மட்டும் கேட்டார்கள். வரும் என்றேன்.

நம் சாதாரண சைக்கிளின் ரப்பர் கட்டைப் பெடல் ரோடு பைக்கில் ஏறுமா? ஏறும்! மூன்று துண்டு கிராங்க் வைத்த சைக்கிள்களுக்கு உலகம் முழுக்க அநேகமாக ஒரே த்ரெட்தான்: பதினாறில் ஒன்பது அங்குல விட்டம், அங்குலத்துக்கு 20 புரி. (ஒரே கம்பியை வளைத்துச் செய்த கிராங்க் உள்ள சிறுவர் சைக்கிளுக்கு மட்டும் அரை அங்குலம்.) ஆனால் ரப்பர் கட்டை மழையில் வழுக்கும். நான் ஒரு வாரம் ஓட்டிவிட்டு, அகலமான நைலான் தட்டையும் மேலே சின்னச் சின்ன முளைகளும் உள்ள பெடலாக வாங்கினேன். நடுவில் கொஞ்சம் குழிந்திருப்பது நல்லது, பாதம் உட்கார்ந்துகொள்ளும். கேன்வாஸ் ஷூவின் ரப்பர் அடியில் அந்த முளைகள் கவ்விக்கொள்கின்றன. பக்கவாட்டில் தூக்கினால் உடனே விடுகின்றன. ஹவாய் செருப்பு வேண்டாம், மடங்கும். தோல் அடி வைத்த ஷூவும் வேண்டாம். ஒரே எச்சரிக்கை: தள்ளிக்கொண்டு நடக்கும்போது முளை கெண்டைக்காலைக் கீறும். என் காலில் இரண்டு கோடு இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன்.

பாதத்தை எங்கே வைப்பது? பூட்டுப் பெடலில் விரல்களுக்குப் பின்னால் உள்ள மேடு ஸ்பிண்டிலுக்கு நேர்மேலே நிற்கும்படிதான் வழக்கமாக வைப்பார்கள். தட்டையில் அதைவிடக் கொஞ்சம் முன்னே தள்ளி, உள்ளங்காலின் நடுப்பக்கமாக வைத்துக்கொள்ளலாம். கெண்டைக்காலுக்கு வேலை குறையும். பாதத்தை முன்னே பின்னே நகர்த்துவதால் சக்திச் செலவு மாறவில்லை என்று 2007-ல் வான் சிக்கல், ஹல் என்ற இருவர் பந்தய வீரர்களிடமே அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் நடுப்பாதம் வைத்தால் சீட்டை ஒரு பொடிக்கு இறக்கவேண்டும். சின்ன ஃப்ரேமாக இருந்தால் திரும்பும்போது ஷூவின் முனை முன்சக்கரத்தில் இடிக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி நம் ஒர்க்‌ஷாப் விஷயம். வைவாவில் வருஷா வருஷம் கேட்கும் கேள்வி: "லெஃப்ட் ஹேண்ட் த்ரெட் எங்கே பயன்படுகிறது?" பதில்: சைக்கிளின் இடது பெடல். கேட்டால் எல்லோரும் சொல்லிவிடுவோம். அரியர் எழுதக் காத்திருந்த இந்த மேதை என்ன செய்தான் தெரியுமா? இடது பெடலைக் கழற்ற வழக்கம்போல இடப்பக்கமாகத் திருகினான். அசையவில்லை. பதினைந்தாம் நம்பர் ஸ்பானர்மேல் ஏறி நின்றான்! நல்லவேளை, சைக்கிள் கடை அண்ணாச்சி பார்த்துவிட்டார். "ஏலே, இறுக்கிட்டுல்லா இருக்க! இன்னும் ஒரு மிதி மிதிச்சா கிராங்கு காலி."

ஏன் இடது பக்கம் மட்டும் தலைகீழ்ப் புரி? பெடலின் பால்ரஸ் உராய்வு ஸ்பிண்டிலைச் சுற்றிவிடும், அதனால் என்று பலர் சொல்வார்கள். யோசித்துப் பாருங்கள்: அந்த உராய்வு உண்மையில் பெடலைக் கழற்றும் பக்கமாகத்தான் இழுக்கிறது! உண்மையான காரணம் வேறு. ஸ்பிண்டிலுக்கும் துளைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி உண்டு. நாம் எப்போதும் கீழ்நோக்கியே அழுத்துகிறோம், கிராங்கோ சுற்றுகிறது. ஆகவே கிராங்கின் கணக்கில் பார்த்தால் அழுத்தம் துளையைச் சுற்றிச் சுற்றி வருகிறது. அந்த அழுத்தத்தில் ஸ்பிண்டில், துளையின் உள்சுவரில் உருள்கிற மாதிரி, எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். பென்சிலை விரல்களைச் சேர்த்த வளையத்துக்குள் தளர்வாக விட்டு வட்டமாக உருட்டிப் பாருங்கள், பென்சில் எதிர்ப்பக்கம் திரும்புவது தெரியும். இந்தத் திருப்பம் உராய்வைவிடப் பலசாலி. அதற்காகத்தான் இடது பக்கம் இடதுபுரி.

ஞாபகம் வைக்க ஒரு சுலப வழி: ஸ்பானரை மேல்நோக்கி நிற்கும்படி மாட்டுங்கள். எந்தப் பக்கத்துப் பெடலானாலும், ஸ்பானரின் தலையை முன்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இறுகும், பின்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் கழலும். முதல் மூன்று சுற்று கையாலேயே ஏறவேண்டும். ஏறவில்லை என்றால் புரி கோணியிருக்கிறது, நிறுத்திவிடுங்கள். ரோடு பைக்கின் கிராங்க் அலுமினியம், ஸ்பிண்டில் இரும்பு. இரும்பு ஜெயித்துவிடும். கிரீஸ் தடவாமல் போட்டால் இரண்டு மழைக்காலத்தில் ஒட்டிக்கொண்டுவிடும்.

என் சொந்தச் சோதனை

ஆராய்ச்சி என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு நோட்டில் எழுதி வைத்ததுதான். பூட்டுப் பெடல் காலத்தில் சங்கரன்கோவிலுக்குப் போன நேரங்களை எழுதி வைத்திருந்தேன். தட்டை மாட்டிய பிறகும் எழுதினேன். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று நேரே முகத்தில் அடிக்கும். அந்தக் காற்று உள்ள நாளுக்கும் இல்லாத நாளுக்கும் எனக்குப் பன்னிரண்டு நிமிஷம் வித்தியாசம் வந்தது. பெடல் மாற்றியதால் வந்த வித்தியாசத்தைத் தேடினேன். நோட்டில் கண்டுபிடிக்க முடியவில்லை. முட்டி வலி போய்விட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆடு வந்தால் காலை ஊன்றி நிற்கிறேன். டீக்கடை அண்ணாச்சி தினமும் சிரிக்கிறார், அதை மட்டும் ஒன்றும் செய்யமுடியவில்லை.

முதலாண்டு சிவிலில் படிக்கும் எங்கள் பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன் போன மாசம் என்னிடம் வந்தான். 200 கிலோமீட்டர் பிரெவே என்ற நெடுந்தூர ஓட்டத்தில் கலந்துகொள்ள ஆசை. "அண்ணே, கிளிப்லெஸ் பெடலும் ஷூவும் இல்லாம வந்தா ஏத்துக்க மாட்டாங்களாமே? பத்தாயிரம் பக்கம் ஆகும்னாங்க. அம்மா சீட்டுப் பணத்தை எடுத்துத் தாரேன்னு சொல்லுதாங்க" என்றான். அவன் அம்மாவும் தீப்பெட்டி ஆபீசில்தான் வேலை செய்கிறார்கள். ஒரு சீட்டுப் பணம் எத்தனை குச்சி என்பது எனக்குத் தெரியும்.

பிரெவே பந்தயமே இல்லை என்பதை முதலில் சொன்னேன். 200 கிலோமீட்டரைப் பதிமூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும், அவ்வளவுதான். முதலில் வந்தவன், கடைசியில் வந்தவன் என்று கிடையாது. சாப்பிட, தண்ணீர் குடிக்க நிற்கும் நேரமெல்லாம் சேர்த்துச் சராசரி மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வந்தால் போதும். பெடல் இன்னது என்று எந்த விதியிலும் இல்லை. அந்தப் பணத்தில் நல்ல முன்விளக்கு, பின்விளக்கு, ஹெல்மெட், இரண்டு மாற்று டியூப் வாங்கிவிட்டு மிச்சத்தை அம்மாவிடமே கொடு என்றேன். தட்டைப் பெடல் ஒரு ஜோடி என்னிடம் இருந்தது, அந்த ஒரு வாரம் ஓட்டிய ரப்பர் கட்டைதான். சனிக்கிழமை சாயங்காலம் அவன் வீட்டுத் திண்ணையில் வைத்து மாட்டினோம். இடது பக்கத்தை அவனையே திருகச் சொன்னேன். சரியாக முன்சக்கரத்தின் பக்கம் தள்ளினான்.

எங்களுக்குச் சுக்குக்காப்பி கொண்டுவந்து வைத்த அவன் அம்மா பெடலை ஒரு தடவை காலால் மிதித்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம சைக்கிள் கட்டைதானே?" என்றார்கள்.

அந்தப் பூட்டுப் பெடலை விற்க மனசில்லை, இங்கே வாங்க ஆளும் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிட்டேன். லெஃப்ட் ஹேண்ட் த்ரெட் காட்டுவதற்கு இனி அதைத்தான் எடுக்கப்போகிறார்களாம்.